குட்டை, நெட்டை, தென்னை

சட்டை சுருங்கிவிட்டது என்று சண்டைக்கு வந்த மனிதரை, அந்த இடத்திலேயே அதைப் போட்டுக் காட்டச் சொன்ன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில் அப்போது நான் குடியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே ஒரு கடை வரிசை உண்டு. அதன் கோடியில், நாமே துணியைப் போட்டு நாமே எடுத்துக்கொள்ளும் டோபி கடை. எட்டு துவைக்கும் மெஷின், ஆறு காயவைக்கும் மெஷின், சுவரோரமாக ஒரு நீளமான பெஞ்சு. தரையைக் கூட்டுவது, மெஷின் வடிகட்டியில் சேரும் பஞ்சை எடுப்பது, நேரமில்லாதவர்களுக்குத் துணி மடித்துக் கொடுப்பது எல்லாம் அந்தப் பெண்ணின் வேலை. ஐம்பது வயதிருக்கும். பெக்கோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவர்கள்கூட.

சட்டைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். "இங்க துவைச்சுதான் சுருங்கிடுச்சு" என்று நீலச் சட்டை ஒன்றைக் கொடி போல ஆட்டிக்கொண்டு வந்தார்.

"அப்படியா? போட்டுக் காட்டுங்க அண்ணே" என்றார் அக்கா.

அந்த மனிதர் சுற்றிலும் பார்த்தார். பெஞ்சில் நாங்கள் ஐந்தாறு பேர். வந்த வேகத்தில் பின்வாங்க முடியாமல், போட்டிருந்த டீ சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டார். மேல் பொத்தான்கள் மூன்றும் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டன. நான்காவது வயிற்றின் மேட்டில் வந்து நின்றுவிட்டது.

அக்கா அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தோள் சரியா இருக்கு. கை நீளம் சரியா இருக்கு. காலர் சரியா இருக்கு. துணி சுருங்குனா எல்லாப் பக்கமும்தானே அண்ணே சுருங்கும்? இங்க மட்டும் எப்படி?"

நாங்கள் எல்லோரும் அவசரமாகக் கைப்பேசியைப் பார்த்தோம். நல்லவேளை, அந்த மனிதரே முதலில் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு வாராவாரம் வந்தார். வாசலிலேயே வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, "அக்கா, இன்னிக்குச் சுருங்கல லா" என்பார்.

காட்டு. அக்காவின் வாயில் ஒரு நாளில் அதிகம் புழங்கிய சொல் அதுதான். யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டார். "கொஞ்சம் சூடா வைங்க அக்கா" என்றால், "உங்க கொஞ்சம் எவ்ளோ? இந்தத் துண்டத் தொட்டுக் காட்டுங்க, இந்தச் சூடா, அந்தச் சூடா?" என்பார். மெஷின் பழுது பார்க்க வரும் சீனர், எதைக் கேட்டாலும் 'செகெஜாப்' என்பார். ஒரு நிமிஷம் என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல். ஜொகூர் முழுக்க அந்த ஒரு நிமிஷத்தை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். அக்கா மட்டும் சுவர்க் கடிகாரத்துக்கு அடியில் அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினார். "உங்க செகெஜாப் முடியறப்ப பெரிய முள்ளு எங்க இருக்கும்? விரல வச்சுக் காட்டுங்க" என்று மலாயில் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தபடி ஆறில் விரல் வைத்தார். அப்போது முள் இரண்டில் இருந்தது. அக்கா திருப்தியாகத் தலையாட்டி, காத்திருந்தவர்களிடம் போய், "இருபது நிமிஷம், போய்த் தே தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தினமும் பாலத்தைக் கடந்து போய் வருவதில் ஆறு நாள் கரைந்துவிடும். ஞாயிறு மதியம் ஒரு கூடைத் துணியோடு அக்காவின் கடைக்கு வருவேன். அங்கேதான் எனக்குக் குரோஷே ஒட்டிக்கொண்டது.

அக்காவின் மடியில் எப்போதும் ஒரு நூல்கண்டும் கொக்கி ஊசியும் இருக்கும். துணி சுழலும் நேரத்தில் அவர் கை சுழலும். அவர் கற்றுக்கொண்ட கதை விசித்திரமானது. இளம் வயதில் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தாராம். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரும் சீனத்தி ஒருவர் கொக்கியால் பின்னிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஹொக்கியன் தவிர வேறு மொழி தெரியாது. அக்காவுக்கு ஹொக்கியனில் ஒரு சொல்கூடத் தெரியாது. எட்டு மாதம் கையைப் பார்த்துக் கையால் கற்றுக்கொண்டார். ஆகவே எல்லாப் பின்னலும் அவருக்குத் தெரியும். ஒன்றின் பெயரும் தெரியாது.

பெயர் இல்லாமல் எப்படி? அவரே வைத்துக்கொண்டார். ஊசியை நுழைத்து, நூலை இழுத்து, ஒரே உருவலில் முடித்துவிடுகிற சின்னப் பின்னல் குட்டை. நூலை ஒரு தடவை ஊசியில் சுற்றிக்கொண்டு ஆரம்பிப்பது நெட்டை. இரண்டு தடவை சுற்றிக்கொண்டு ஆரம்பித்தால் இன்னும் உயரமாக வரும், அது தென்னை. குட்டைக்கும் நெட்டைக்கும் நடுவில் ஒன்று உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் 'மூணாவது புள்ள'. "கூடவும் வளராது, கொறயவும் வளராது, யாரும் கவனிக்கவும் மாட்டாங்க" என்பார். அவர் வீட்டில் அவர்தான் மூன்றாவது.

நான் கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஓர் அமெரிக்கப் பெண்மணி மெதுவாகச் சொல்லித்தருவார். அக்காவின் குட்டை எனக்கு சிங்கிள். நெட்டை எனக்கு டபுள். தென்னை எனக்கு ட்ரெபிள். ஒன்று, இரண்டு, மூன்று. இதைவிடத் தெளிவாக உலகத்தில் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஆன்ட்டி வந்து சேர்ந்தார். இலங்கைத் தமிழர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு மெஷின் கெட்டுப்போனதால் ஒரு ஞாயிறு வந்தார். மெஷின் சரியான பிறகும் வருவதை நிறுத்தவில்லை. அவர் பையில் இங்கிலாந்தில் அச்சான பழைய குரோஷே புத்தகம் ஒன்று இருந்தது. பழுப்பு அட்டை, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. அவர் பின்னலில் ஒரு கண்ணிகூட ஏறி இறங்காது. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது ஆன்ட்டியின் உத்தரவு.

பக்கத்துக் கடையில் தோசை சுட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அப்போது ஆறாவது மாதம். முதல் இரண்டும் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. பயத்தில் அவள் பிள்ளைக்கென்று ஒரு துணிகூட வாங்கி வைத்திருக்கவில்லை. "வாங்கி வச்சா ஏதாச்சும் ஆயிடும்னு இருக்கு அக்கா" என்று கல்லைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். அக்கா எங்களிடம் வந்தார். "அவ வாங்க வேணாம். நாம செஞ்சு வைப்போம். வளைகாப்பு அன்னிக்குக் குடுப்போம்" என்றார்.

ஒரு போர்வை. சின்னச் சின்னச் சதுரங்களாகப் பின்னி, கடைசியில் சேர்த்துத் தைப்பது. ஆன்ட்டி பதினைந்து, நான் பதினைந்து. அக்கா ஓரம் கட்டுவார். ஆன்ட்டி தன் புத்தகத்தைப் பார்த்து, முறையைத் தலைமை எழுத்தரின் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்று ட்ரெபிள், ஒரு சங்கிலி, மறுபடி மூன்று ட்ரெபிள். நான்கு சுற்று. இருவருக்கும் ஒரே நூல், ஒரே அளவு ஊசி.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞாயிறு, துணி மடிக்கும் மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் பரப்பினோம். ஆன்ட்டியின் சதுரங்கள் உள்ளங்கை அளவு. என் சதுரங்கள் சோற்றுத் தட்டு அளவு.

ஆன்ட்டி தன் சதுரம் ஒன்றை எடுத்து என்னுடையதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, நான் என்ன எழுதித் தந்தனான்?" என்றார் ஆன்ட்டி.

"ட்ரெபிள்னு எழுதுனீங்க. ட்ரெபிள்தான் போட்டேன்."

"இது ட்ரெபிளோ? இது ஏதோ மீன்வலை."

எனக்குச் சுருக்கென்றது. "உங்களதுதான் ஆன்ட்டி ட்ரெபிளே இல்ல. அது டபுள்."

"டபுளோ! நாப்பது வருஷமாப் போடுறன். போனில பார்த்துப் படிச்சிட்டு வந்து எனக்கு டபுள் காட்டுறியோ?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "சரியா எழுதியிருந்தா நான் ஏன் தப்பாப் போடப் போறேன்? புத்தகத்த ஒழுங்காப் பாத்து எழுதுனீங்களா?"

பார்த்து என்ற சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தது. ஆன்ட்டி தன் பதினைந்து சதுரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பைக்குள் வைத்தார். துவைத்து முடியாத துணியை அப்படியே மெஷினில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் வீட்டில் என் காணொளியை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நான் சொன்னது சரிதான். சரியாக இருந்தும் மனசுக்கு நன்றாக இல்லை. வளைகாப்புக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் துணிக்கூடையோடு நுழைந்தபோது பெஞ்சின் ஒரு கோடியில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லி வரவழைத்தார் என்று பின்னால் கேட்டபோது, "அவங்க துணி இங்கயே கெடந்துச்சு. வந்து எடுத்துக்குங்கன்னு சொன்னேன். அது உண்மைதானே?" என்றார் அக்கா.

என்னை ஆன்ட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இருவர் கையிலும் ஊசியும் நூலும் கொடுத்தார். தான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆன்ட்டி, உங்க ட்ரெபிள் ஒண்ணு போட்டுக் காட்டுங்க. தங்கச்சி, உன் ட்ரெபிள் ஒண்ணு போட்டுக் காட்டு. மெதுவா. நான் நில்லுன்னா நிக்கணும்."

ஆன்ட்டி நூலை ஊசியில் ஒரு தடவை சுற்றினார். நான் இரண்டு தடவை சுற்றினேன். இருவரும் ஊசியை நுழைத்து நூலை இழுத்தோம்.

"நில்லு" என்றார் அக்கா. "ஆன்ட்டி, இப்ப உங்க கொக்கியில எத்தன வளையம் கெடக்கு?"

"மூண்டு. அதாலதான் ட்ரெபிள்."

"தங்கச்சி, உனக்கு?"

எண்ணினேன். "நாலு."

"நாலு கெடக்குதுல்ல, அப்புறம் ஏன் அத மூணுங்கற?"

அந்த அமெரிக்கப் பெண்மணி அப்படிச் சொன்னார், அவ்வளவுதான். "போடு, போட்டு முடி" என்றார் அக்கா. நான் இரண்டு இரண்டு வளையமாக உருவினேன். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது உருவலில் பின்னல் முடிந்தது. ஆன்ட்டி முடித்தபோது இரண்டே உருவல்.

அக்கா தொடையில் தட்டிக்கொண்டார். "அலமாக்! ஆன்ட்டி கொக்கியில கெடக்கறத எண்றாங்க. நீ உருவுறத எண்ற. ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் எண்றீங்க. எண்ற சாமான்தான் வேற!"

நானும் ஆன்ட்டியும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். ஆன்ட்டி பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நான் கைப்பேசியை எடுத்தேன். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். அக்காவின் நெட்டை எனக்கு டபுள், ஆன்ட்டிக்கு ட்ரெபிள். அக்காவின் குட்டை எனக்கு சிங்கிள், ஆன்ட்டிக்கு டபுள். ஆன்ட்டியின் புத்தகத்தில் சிங்கிள் என்ற பேச்சே இல்லை.

"அப்ப அந்த ஊர்ல ஒண்ணே கெடையாதா ஆன்ட்டி? ரெண்டுல இருந்தா எண்ண ஆரம்பிப்பாங்க?" என்றார் அக்கா.

"இங்கிலீசுக்காரன் எழுதினது பிள்ளை. நான் என்ன செய்யிறது?"

"அமெரிக்காக்காரங்களும் அவங்க பாஷைதானே பேசறாங்க? இத்தன வருஷத்துல ஒரு நாள் உக்காந்து பேசி வச்சுக்க மாட்டாங்களா?"

ஆன்ட்டி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அது சிரிப்பு மாதிரி இல்லை.

"ஆறு சதுரம் பிரிச்சுப் போட்டன்" என்றார். "வீட்டில இருந்து திரும்பத் திரும்ப எண்ணினனான். கண் போயிட்டுது, இனி இதையும் விடவேணும் எண்டு நினைச்சன். மகனிட்டயும் சொல்லேல்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அந்த ஆறையும் நான் போட்டுத் தரேன் ஆன்ட்டி, உங்க ட்ரெபிள்லயே" என்றேன். "உன்ர மீன்வலை வேண்டாம்" என்றார் அவர். அது போதுமாக இருந்தது.

ஆனால் மேசைமேல் இன்னமும் உள்ளங்கைகளும் சோற்றுத் தட்டுகளும்தான். என்னுடையதை எல்லாம் பிரித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. சின்னச் சதுரம் ஒன்றை எடுத்து அதைச் சுற்றிலும் குட்டை போட ஆரம்பித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஐந்தாவது சுற்றில் அது என் சதுரத்தின்மேல் கச்சிதமாகப் பொருந்தியது. பிரித்த ஆறையும் மறுபடி பின்னி, அதுபோல மற்ற பதினாலுக்கும் செய்ய வேண்டும். மூன்று வாரம், மூன்று பேர். நான் தொழிற்சாலைப் பேருந்தில் நெரிசலில் நிற்கும்போதுகூடப் பின்னினேன். எங்களுக்குள் அதற்குப் பிறகு டபுளும் இல்லை, ட்ரெபிளும் இல்லை. தலைமை எழுத்தரான ஆன்ட்டியே, "பிள்ளை, இதில குட்டையோ மூணாவது பிள்ளையோ?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

வளைகாப்பில் போர்வையை விரித்துக் காட்டியதும் அந்தப் பெண் அதை வாங்கினாள். முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வந்திருந்த பெண்களில் ஒருத்தி, ஆன்ட்டியின் சதுரம் ஒன்றைத் தொட்டு, "நல்லா இருக்கே, இது என்ன பின்னல்?" என்று கேட்டாள். "டபுள்" என்றேன் நான். "ட்ரெபிள்" என்றார் ஆன்ட்டி. "நெட்டை" என்றார் அக்கா. கேட்டவள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பலகாரம் எடுக்கப் போய்விட்டாள். பிள்ளை ஒன்பதாவது மாத முடிவில் பிறந்தது. பெண் குழந்தை. நல்ல குரல், தோசைக் கடையில் அழுதால் டோபி கடையில் கேட்கும்.

அக்காவின் குணம் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருத்திக்குப் போனது. அந்த ஞாயிறு அக்கா "எப்படி இருக்க?" என்று கேட்டதற்கு "நல்லா இருக்கேன்" என்றேன். "காட்டு" என்றார். கோபம் வந்தது. மனசை எப்படிக் காட்டுவது? எழுந்து வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். வந்தபோது என் துணி மடித்து வைத்திருந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது பெக்கோக்கிலிருந்து தகவல் வந்தது. அக்காவின் மூத்த சகோதரி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த வாரமே அக்கா கிளம்பினார். ஒரு ஞாயிறு மதியம், ஒரு துணிப்பை, ஒரு நூல் பை. நானும் ஆன்ட்டியும் வாசல்வரை வந்தோம்.

"சரி, போறேன்" என்றார் அக்கா.

ஆன்ட்டி பதறிப்போனார். "போறன் எண்டு சொல்லக் கூடாது பிள்ளை! போயிட்டு வாறன் எண்டு சொல்லு."

அக்கா பையைக் கீழே வைத்தார். பேருந்து நேரம் சொல்கிற குரலில் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் வரேன்னு சொல்லிட்டுத்தான் ஆன்ட்டி லோரியில ஏறுனாரு. எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு பத்து பாகாட்ல பதினோரு வருஷம் உக்காந்திருந்தேன். மனுஷன் செத்தும் போகல. மூவார்ல வேற குடும்பத்தோட இருந்திருக்காரு. போறேன்னு சொல்லியிருந்தா, அன்னிக்குச் சாயந்தரமே நான் எந்திரிச்சு என் வேலயப் பாத்திருப்பேன்."

இத்தனை நாள் அவர் மடியில் இருந்த நூலைப் பற்றி எல்லாம் கேட்டிருந்தோம், இதைக் கேட்டதில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

போனில் பேசுவோம். "எப்ப வருவீங்க?" என்று கேட்டால், "தெரியலயே" என்பார். சீக்கிரம் என்றோ, பார்க்கலாம் என்றோ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வியை நாங்களே விட்டுவிட்டோம்.

நான்கு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு கூடையோடு உள்ளே நுழைந்தேன். பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் தோசைக்காரியின் மகள். ஆன்ட்டி பக்கத்தில் இருந்தார். கண் அறுவை முடிந்து பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"அந்த மூணாவது மெஷின்ல பஞ்ச எடுக்கிறதே இல்லயா யாரும்?" என்றார் அக்கா என்னைப் பார்த்து. அதுதான் முதல் வார்த்தை.

என் கூடையில் இருந்த பாதிப் பின்னலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க ஒரு நெட்டை கொறயுது" என்று சொல்லி, நான் மூன்று நாள் போட்டிருந்த வரிசைகளை ஒரே இழுப்பில் பிரித்தார். நான் முறைத்தேன். குழந்தை நூலைப் பார்த்துச் சிரித்தது. தோசை வந்தது, தே வந்தது, பெக்கோக் கதை வந்தது. சகோதரி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாராம், சமையலில் குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாராம். நேரம் போனதே தெரியவில்லை.

ஐந்து மணிப் பேருந்துக்கு அக்கா எழுந்தார். குழந்தையைத் தாயிடம் கொடுத்தார், சேலையை உதறிச் சரிசெய்தார், பையை எடுத்தார்.

"போறேன்" என்றார்.

ஆன்ட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவரையே பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டார். பிறகு கையை நீட்டி அக்காவின் முழங்கையில் மெல்லத் தட்டினார்.

"ஓம் பிள்ளை" என்றார். "போ."